ஸ்டாண்டர்ட் என்ற பெயரை எங்கே கழற்றிப் போட்டீர்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயம்புத்தூரில் இருக்கும் கல்லூரி நண்பன் வாட்ஸப்பில் ஒரு கார் விளம்பரத்தை அனுப்பினான். அவன் தொழில் கல்யாண ஃபோட்டோ. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியைக் கூட்டிக்கொண்டு போய் ஏரிக்கரை, தேயிலைத் தோட்டம் என்று எடுப்பார்களே, அந்த ஷூட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் பழைய கார்களுக்குக் கொடுத்தே அழிந்துவிட்டானாம். சொந்தமாக ஒன்று வாங்கிப்போட்டால் என்ன என்று யோசனை. "உங்கப்பாகிட்ட காட்டி, வாங்கலாமா வேணாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று கீழே எழுதியிருந்தான்.

ஆறு ஃபோட்டோக்கள். பாலாடை நிறத்தில் சின்னதாக ஒரு திறந்த கார். சிவப்பு ரெக்ஸின் சீட், மரக் கைப்பிடி போட்ட ஸ்டியரிங், வெள்ளை வளையம் வரைந்த டயர். கூரை கிடையாது. விளம்பர வாசகம் இப்படிப் போகிறது: 1962 மாடல் ட்ரையம்ப் ஹெரால்ட் கன்வெர்டிபிள். பிரிட்டிஷ் கிளாசிக். ரேர் விண்டேஜ். ஃபுல்லி கஸ்டமைஸ்டு. ஷூட்டிங், வெட்டிங், கஃபே டிஸ்ப்ளேவுக்கு ஏற்றது. பதினொன்றரை லட்சம், நேரில் வந்தால் பேசலாம்.

இதில் உண்மை என்று நான் ஒப்புக்கொள்வது இரண்டைத்தான். கூரை இல்லை. விலை பேசலாம்.

நான்காவது ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்ல முடியாது, உங்களிடம் ஃபோட்டோ இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டியின் பக்கவாட்டில், முன்கதவு முடிந்து ஒன்றரை முழம் தள்ளி, பெயின்ட்டுக்கு அடியில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்குகிறது. சக்கர வளைவுக்குப் பக்கத்தில் சற்று வளைந்து போகிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் கதவு இருந்தது. அதை வெல்டு வைத்து மூடி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் பட்டி ரொம்ப நாள் ரகசியம் காக்காது. அஞ்சாறு வருஷத்தில் அடியில் இருக்கும் இணைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒரு டிங்கரின் மகள். மேற்குத் தாம்பரத்தில் அப்பாவின் ஷெட்டில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். கவிதையில் எங்கே பட்டி பூசியிருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வருஷங்கள் ஆனது. காரில் பத்து வயதிலேயே தெரியும்.

அந்தக் கோடு என்ன சொல்கிறது? இந்த வண்டிக்கு நாலு கதவு இருந்தது என்று சொல்கிறது. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டை ஒருபோதும் தயாரிக்கவில்லை. நாலு கதவு ஹெரால்ட் உலகத்தில் ஒரே ஊரில்தான் செய்யப்பட்டது. மெட்ராஸில். இன்னும் சரியாகச் சொன்னால், வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில். அதுவும் 60களின் பிற்பகுதியில். 1962 என்பதும் பொய், ட்ரையம்ப் என்பதும் பொய். இது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம ஊர் வண்டி. பானெட்டில் இருந்த பெயரைக் கழற்றிவிட்டு, எங்கேயோ வரவழைத்த ட்ரையம்ப் சின்னத்தை ஒட்டி, மாப்பிள்ளையை மாற்றியிருக்கிறார்கள்.

சரி, ஒரு பழைய காரை விற்கிறவன் நாலு பொய் சொல்வான், அதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். பழைய கார் வியாபாரி சொல்லும் பொய்கள் எனக்கும் தெரியும். ஒரே கை ஓட்டியது, டாக்டர் வைத்திருந்தது, ஷெட்டிலேயே நின்றது. இந்தப் பொய்களை எல்லாம் நான் மதிக்கிறேன், அவை தொழில் தர்மத்துக்குள் வருபவை. ஆனால் ஒரு பொருளை யார் செய்தார்கள் என்பதைத் துடைத்துவிட்டு வேறு ஆள் பெயரைப் போடுவது அந்த வகைப் பொய் கிடையாது. இலக்கியம் படிக்கிற உங்களுக்கு இதற்கு வேறு பெயர் தெரியும்.

ஹெரால்டின் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தெரிந்தவர்களும் படிக்கலாம், நல்ல கதைதான்.

1950களில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் என்ற கம்பெனிக்கு ஒரு சங்கடம். அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அப்போது எல்லோரும் பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த, முட்டை ஓடு போன்ற கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு முழு ஓட்டை அழுத்திக் கொடுக்க இவர்களுக்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே போனார்கள். தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கிய பாடி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு இணைப்பது. தோற்றத்துக்கு இத்தாலியின் டுரின் நகரத்திலிருந்து ஜியோவன்னி மிக்கெலாட்டியைப் பிடித்தார்கள். 1959 ஏப்ரலில் வண்டி வெளியே வந்தது. ஹெரால்ட் என்ற பெயர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அலிக் டிக் வைத்திருந்த படகின் பெயராம்.

பலவீனத்தில் பிறந்த வண்டிக்கு வினோதமான பலங்கள் வந்து சேர்ந்தன. முன்பக்கம் முழுக்க, சக்கரத்தை மூடும் தகடு உள்பட, ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் மொத்தமும் கண்முன்னால். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், ஆட்டோ மாதிரி. கூரையும் போல்ட்டில் நிற்பதுதான், கழற்றலாம். அதே அடிப்பாகத்தின்மேல் சலூன், கூப்பே, கன்வெர்டிபிள் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அவர்களே 1960இல் கன்வெர்டிபிள் விட்டார்கள். பெட்டியில் போட்டு அனுப்பி, பெரிய பிரஸ் இல்லாத தேசத்திலும் பூட்டிவிடலாம்.

மெட்ராஸில் பூட்டினார்கள். 1948இலேயே இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று கம்பெனி ஆரம்பித்தாகிவிட்டது. முதலில் வேன்கார்ட், பிறகு சின்ன ஸ்டாண்டர்ட் கார்கள், 1961இலிருந்து ஹெரால்ட். 948 சிசி எஞ்சின். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்ட் என்று லைசன்ஸ் காலத்து இந்தியாவில் கார் என்றால் இந்த மூன்றுதான். வருஷா வருஷம் உள்ளூர்ப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. இங்கிலாந்தில் அது இளம் தம்பதிகளின் கார். இங்கே பாட்டி, இரண்டு குழந்தைகள், டிபன் கேரியர், கூஜா சகிதம் திருப்பதி போகும் கார். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கு என்று பாட்டியிடம் சொல்ல முடியுமா? அதனால் இங்கே நாலு கதவு வைத்தார்கள். 1972இல் கேஸல் என்ற அடுத்த வண்டியில் பின்பக்க ஆக்ஸிலையே மாற்றினார்கள், ஏனென்றால் ஹெரால்டின் ஆடும் ஆக்ஸில் நம் ஓட்டுநர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த தகவலுக்கு வருகிறேன். ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் 1903இலிருந்து இங்கிலாந்தில் கார் செய்துகொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் அந்தச் சொல்லுக்குத் தரம் என்று பொருள். போகப்போக டீலக்ஸ் என்று ஒரு சொல் வந்தது. டீலக்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஸ்டாண்டர்ட் ஆனது. மட்டமானது, சாதாரணமானது என்று அர்த்தம் திரும்பிவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கே வெட்கமாகிவிட்டது. 1963இல் அந்தப் பெயரைத் தங்கள் கார்களிலிருந்து எடுத்துவிட்டு, தாங்கள் விலைக்கு வாங்கிய ட்ரையம்ப்பின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கைவிட்ட பெயரை மெட்ராஸ் விடவில்லை. ஹெரால்டில், கேஸலில், வேன்களில், கடைசியாக 1985இல் வந்து மூன்றே வருஷத்தில் நின்றுபோன ஸ்டாண்டர்ட் 2000 வரைக்கும் அந்தப் பெயரை இருபத்தைந்து வருஷம் தனியாகத் தூக்கிச் சுமந்தது இந்த ஊர்.

இந்த விளம்பரக்காரர் செய்திருப்பது 1963இல் கவன்ட்ரியில் செய்த அதே வேலை. ஸ்டாண்டர்ட் என்றால் மட்டம், ட்ரையம்ப் என்றால் வெற்றி. சாதாரணத்தை எடு, வெற்றியை ஒட்டு. அவர்களுக்காவது அது அவர்கள் வீட்டுப் பெயர், தூக்கிப் போட உரிமை உண்டு. நமக்கென்ன கேடு?

என் கோபம் அந்த ஒரு மனிதர்மேல் மட்டும் இல்லை. அவர் சந்தைக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்கிறார். அந்தச் சந்தை நாம்தான். மஞ்சள் பல்பு தொங்கவிட்ட கஃபேக்களில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் லண்டன் பஸ் படத்துக்குக் கீழே, ஏலக்காய் டீயை கண்ணாடி ஜாடியில் வாங்கிக் குடிக்கிறோமே, அந்த நாம். ஏக்கத்தைக்கூட இறக்குமதி செய்தால்தான் நமக்கு இனிக்கிறது. பெருங்களத்தூரில் செய்த வண்டி என்றால் பழைய வண்டி, காயலான் கடைச் சரக்கு. அதே வண்டி கவன்ட்ரியில் செய்தது என்றால் கிளாசிக். தகடு அதே தகடு. பட்டி அதே பட்டி. அதை அழுத்தியவரின் முகவரி மாறினால் சில லட்சம் ஏறுகிறது. நம் தாத்தாக்கள் ஒரு காரில் திருப்பதி போனார்கள் என்பது யாருக்கும் ரீல்ஸ் போட லாயக்கான கதையாகப் படவில்லை. ஒருபோதும் நம்முடையதாக இல்லாத ஓர் ஆங்கிலக் கிராமத்துச் சாலையில், தலையில் ஸ்கார்ஃப் கட்டிய பெண்ணும் பழுப்புக் கையுறை போட்ட ஆணும் போனதை நாம் நினைத்து ஏங்குகிறோம். யாருடைய ஞாபகம் இது?

இதை நண்பனிடம் ஃபோனில் கொட்டினேன். "நீ சொல்றதெல்லாம் சரிதான்டி. ஆனா கிளையன்ட் வந்து இது என்ன கார்னு கேட்டா, பெருங்களத்தூர்னு சொன்னா மூஞ்சி தொங்கிடும்" என்றான். பொய் சொல்லாத பையன்.

இந்த இடத்தில் எதிர்முகாமிலிருந்து சிலர் எனக்குக் கைதட்டத் தயாராக இருப்பார்கள். பழைய கார்களைத் தூய்மையாகப் பாதுகாக்கும் கனவான்கள். ஒரிஜினல் ஸ்க்ரூ, ஒரிஜினல் நிறம், ஒரிஜினல் ரப்பர். கூரையை வெட்டியது கொலை என்பார்கள். சட்டமும் அவர்கள் பக்கம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021இல் விண்டேஜ் வண்டிகளுக்கென்றே விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். அந்த நம்பரை வைத்துக்கொண்டு வாடகைக்கெல்லாம் ஓட்ட முடியாது. ஆக, இந்தக் கார் கஸ்டமைஸ்டு என்றால் விண்டேஜ் கிடையாது, விண்டேஜ் என்றால் வெட்டிங்குக்கு விட முடியாது. விளம்பரக்காரர் ஒரே வரியில் இரண்டையும் எழுதியிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் நாலு கதவா, எத்தனை கதவா, எந்தக் கம்பெனி பெயர் என்று பார்த்துக்கொள் என நண்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் தூய்மைவாதிகளின் கைதட்டல் எனக்கு வேண்டாம். எது ஒரிஜினல்? மிக்கெலாட்டி வரைந்ததா? அதை மெட்ராஸ்காரர்கள் நாலு கதவாக மாற்றியபோதே கஸ்டமைஸ் செய்துவிட்டார்கள், பாட்டிக்காக. நம் ஊர் ஹெரால்டே ஒரு மாற்றப்பட்ட வண்டிதான். மாற்றியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிற்சாலையில் மாற்றினால் அது மூல வடிவம், மேற்குத் தாம்பரம் ஷெட்டில் லுங்கி கட்டிக்கொண்டு மாற்றினால் அது கொலையா?

லுங்கி கட்டிக்கொண்டு மாற்றியவர் என் அப்பா. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துவிட்டு இவ்வளவு வீராப்பாகப் பேசுவது நியாயமில்லை.

1989இலிருந்து 94 வரை அப்பா ஏழு ஹெரால்டுகளின் கூரையை எடுத்திருக்கிறார். அதில் ஒரு கூரை இன்னும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. முதலில் கோழிகளுக்கு, பிறகு விறகுக்கு, இப்போது தண்ணி மோட்டாருக்கு மூடியாக. சின்ன வயதில் அதன் அடியில் உட்கார்ந்து மழை கேட்டிருக்கிறேன். கல்லூரிக்குப் போய் நாலு விஷயம் படித்த பிறகு, அப்பாவிடம் ஒருநாள் தூய்மைவாதி மாதிரியே பேசினேன். எப்படிப்பா மனசு வந்துச்சு, ஒரு நல்ல காரை வெட்ட?

அப்பா அப்போது சொன்னதை இந்த ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார். ஃபோட்டோக்களை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே.

"நல்ல காரா? யாருக்கு நல்ல காரு? மாருதி வந்துருச்சு. கம்பெனியும் நின்னுபோச்சு. ஸ்பேர் கெடைக்காது. ரோட்டோரமா நிறுத்திட்டு, எடைக்கு எடுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போவாங்க. புதுப்பேட்டைக்குப் போனா கியர்பாக்ஸ் தனி, தகடு தனி. நான் வெட்டலன்னா அந்த ஏழு வண்டியும் அப்பவே உருகிப் போயிருக்கும். கூரைய எடுத்ததுனால வண்டி பொழைச்சுது."

ஏன் கூரையை எடுத்தால் வண்டி பிழைக்கும்? நான் எழுத நினைத்த விஷயம் இதுதான். அந்த ஏழு வண்டிகளையும் வெட்டச் சொன்னவர்கள் யாரும் ஆங்கிலக் கிராமத்தை நினைத்து ஏங்கியவர்கள் இல்லை. அவர்கள் ஜானவாசத்துக்கு வண்டி விடுகிறவர்கள்.

உங்களில் பலர் ஜானவாசம் பார்த்திருக்க மாட்டீர்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து சத்திரத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவது. மற்ற வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பு என்பார்கள். கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை, கழுத்தில் மாலை, மடியிலும் பக்கத்திலும் தெருவில் உள்ள அத்தனை குழந்தைகளும். முன்னால் நாதஸ்வரம், தவில். இரண்டு பக்கமும் தலையில் விளக்கு சுமந்து வருகிறவர்கள். நடுவில் ஒரு திறந்த கார். மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டும், அதற்குக் கூரை இருக்கக் கூடாது. பணக்கார வீடென்றால் அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கக் கார். குமாஸ்தா வீட்டுக் கல்யாணத்துக்கு அது கட்டுப்படியாகாது, குறுக்குத் தெருவில் திரும்பவும் செய்யாது. ஹெரால்ட் திரும்பும். சந்நிதித் தெரு முனையில் ஒரே வளைப்பு.

"அதுல பெரிய பிரச்சினை என்னன்னு நெனைக்கற?" என்றார் அப்பா. "வெட்டறது பிரச்சினையே இல்ல. ரெண்டு கதவு வண்டின்னா பெரும்பாலும் ஸ்பானர் வேலைதான். நாலு கதவுன்னா நடுத் தூண அறுக்கணும், பின்கதவ வெல்டு வெச்சு மூடணும், அடியில பட்டை கொடுக்கணும். அதெல்லாம் ரெண்டு வார வேலை. பிரச்சினை சூடு. தவில்காரர் நடக்கற வேகத்துக்கு வண்டி போவணும். ஃபேன் காத்து பத்தாது, தண்ணி கொதிச்சுரும். கல்யாணத்தன்னைக்கு நான் வண்டிகூடவே நடப்பேன், கையில கேனோட. நாதஸ்வரக்காரர் ஒரு எடத்துல நின்னு வாசிச்சா நமக்கு உயிர் வரும். அந்த கேப்புல பானெட்டத் தூக்கி தண்ணி ஊத்திருவேன். மாப்பிள்ள பாவம், முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாம அப்படியே சிரிச்சுக்கினு உக்காந்திருப்பாரு."

நான் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மிக்கெலாட்டி, அலிக் டிக், படகு என்று இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் எனக்கு, என் அப்பா மாப்பிள்ளை அழைப்பில் தண்ணிக் கேனோடு நடந்தது அன்றுவரை தெரியாது. கேட்டதில்லை.

கூரை இல்லாத ஹெரால்டுக்கு நம் ஊரில் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அது கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போன வரலாறு இல்லை. மே மாதத்து மெட்ராஸில் மத்தியானம் திறந்த காரில் போகிறவனுக்குக் கிறுக்கு பிடித்திருக்க வேண்டும். அது ராத்திரி வரலாறு. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், மத்தளச் சத்தத்தில், பெட்ரோல் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து, தெருக்குழந்தைகள் அத்தனை பேரும் வாழ்க்கையில் முதல் தடவை கார் ஏறிய வரலாறு. காயலான் கடைக்குப் போக இருந்த வண்டியை, அதைவிட அதிகம் படிக்காத ஒருவர் அறுத்து, ஒட்டி, அடியில் பட்டை கொடுத்து, இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடவைத்த வரலாறு. இதைவிட நல்ல கதை கவன்ட்ரியில் இருக்கிறதா?

ஜானவாசத்தின் எல்லாமும் இனிப்பு என்று நான் சொல்லவில்லை. யார் காரில் உட்கார்ந்தார்கள், யார் தலையில் விளக்கைச் சுமந்தார்கள், யார் பக்கத்தில் நடந்தார்கள் என்று பார்த்தால் அதிலும் தகடு வேறு, பட்டி வேறு. அப்பா எந்த ஜானவாசத்திலும் சத்திரத்துக்குள் போய்ச் சாப்பிட்டதாகச் சொல்லவில்லை. பொட்டலம் கொடுத்துவிடுவார்களாம். ஆனால் அந்தக் கசப்பும் அந்த வண்டியில்தான் இருக்கிறது. ட்ரையம்ப் சின்னத்தை ஒட்டினால் நாதஸ்வரமும் போகிறது, பொட்டலமும் போகிறது. பாலாடை நிறமும் சிவப்பு ரெக்ஸினும் மிஞ்சுகின்றன.

எனவே காரை வெட்டாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டுங்கள். நாலை இரண்டாக்குங்கள், மாருதி எஞ்சினைத் தூக்கி உள்ளே வையுங்கள், ஏசி போடுங்கள், கஃபேயில் நிறுத்தி உள்ளே மீன் வளருங்கள். ஒரு பொருள் பிழைத்துக் கிடக்க என்ன வேண்டுமோ செய்யுங்கள். செய்துவிட்டு, விளம்பரத்தில் எழுதுங்கள்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மெட்ராஸில் செய்தது, நாலு கதவு, பிற்பாடு கூரை எடுத்தது, எடுத்தவர் இன்ன ஊர் டிங்கர். இவ்வளவும் ஒரு வரிதான். இந்த ஒரு வரியை எழுதினால் விலை குறைகிறது என்றால், அப்படிக் குறைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அது நீங்களாக இருந்தால் உங்களோடும்.

"பேர்ல என்னம்மா இருக்கு, வண்டி ஓடுதா பாரு" என்று அப்பாவே என்னை மறுத்தார். எனக்குக் கோபம் வந்தது. உன் வேலைப்பா அது, உன் பேரும்தான் போகுது என்றேன். அவர் ஃபோட்டோவை மறுபடி பெரிதாக்கினார்.

"இது என் வேலை இல்ல. நான் கதவு லைன மறைக்க மாட்டேன். வெல்டு வெச்சாலும் கோட்ட அப்படியே விட்டுருவேன். அது எதுக்கு மறைக்கணும்? கதவு இருந்துச்சு, மூடியாச்சு. அவ்வளவுதான?"

அதன்பிறகு நண்பனுக்குச் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கணும், சீட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில் துரு இருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கணும், உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடணும். முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு பின்னால் ஜாக்கி போடணும், பிறகு கதவு மறுபடி மூடுகிறதா பார்க்கணும். மூடவில்லை என்றால் நடுத் தூணை அறுத்தவன் அடியில் பட்டை கொடுக்கவில்லை, வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். மணப்பெண்ணை உட்காரவைத்துப் படம் எடுக்கலாம், ஓட்டக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து வரை கொடுக்கலாம். பதினொன்றரை எல்லாம் அநியாயம்.

நண்பன் அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

நான் என் பங்குக்கு விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மரியாதையாகத்தான். இது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு மாடல், மெட்ராஸில் செய்தது, பின்கதவு மூடிய கோடு நான்காவது படத்தில் தெரிகிறது, இதன் பழைய பெயர்ச் சின்னம் என்ன ஆனது என்று கேட்டிருந்தேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பதில் வந்தது. கூடவே ஒரு ஃபோட்டோ. செய்தித்தாள்மேல் வைத்த ஒரு சின்னம், குரோம் உரிந்து, ஒரு ஓரம் வளைந்து. கீழே எழுதியிருந்தார்: "பேட்ஜ் ஒரிஜினல் இருக்கு மேடம். தனியா வேணும்னா ரெண்டாயிரம். கொரியர் எக்ஸ்ட்ரா."

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆயிரத்து ஐநூறுக்குக் கேளு" என்றார்.